வீட்டு முற்றத்தில் ஒரு தேகாப்பியாசக் கூடம்

கடல் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர்க்கு எப்பொருளுக்கும் விலை இரண்டு. கடைக்காரருக்குக் கொடுப்பது ஒன்று. அப்பொருளை இறங்குதுறைக்குக் கொண்டுவந்து, வள்ளத்தில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, வீட்டு வாயிலிற் சேர்ப்பதற்குக் கொடுப்பது மற்றொன்று. குறிகட்டுவான் துறையைக் கடந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்லும் ஒவ்வொரு மூடையும் இவ்விரண்டாவது விலையைச் செலுத்தியே செல்கின்றது. பொருளின் பாரம் மிகமிக அவ்விலையும் மிகும். ஏனைய பொருள்களுக்குப் பாரம் ஒரு தொல்லை. தேகாப்பியாசக் கருவிகளோ பாரத்தின் பொருட்டே வாங்கப்படுவன. இரும்பின் பாரத்தை விலைக்கு வாங்கி, அந்தப் பாரத்துக்கே கூலியுங் கொடுத்து, நீரும் மணலும் நிறைந்த ஒரு தீவுக்கு ஏற்றிச் செல்வது எத்துணைப் பொருந்தாச் செயல் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

நெடுந்தீவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிய கடிதமே இவ்வெண்ணத்தைத் தூண்டியது. "பயிற்சிக் கூடங்கள் யாழ்ப்பாணப் பட்டினத்தில் உள்ளன. கடலில் ஒரு மணி நேரமும் பின்னர்ப் பேருந்திற் பலகாலமுஞ் செலவிட்டு அங்கே சென்று மீள்வது எமக்கு இயலாது. மார்புத் தசைகளை வலுப்படுத்துங் கருவிகளைக் குறைந்த செலவில் வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? கிணற்றில் நீர் அள்ளி வலையும் இழுப்பவனுக்கு வேறு தேகாப்பியாசம் எதற்கு என்று தந்தையார் கேட்கின்றார். அதற்கும் விடை கூறுக" என்று அவர் கேட்டிருந்தார். இரண்டு வினாக்களுஞ் சிறந்தவை. தந்தையாரின் வினாவை முதலிற் கொள்வோம்.

தந்தையார் கூறுவதிற் பாதி உண்மை உண்டு. தீவகத்து உழைப்பு உடலை உரமாக்கும் உழைப்பே. எனினும் அவ்வுழைப்பின் இயல்பை நோக்குக. துலாவைத் தாழ்த்துதல், வாளியைச் சேந்துதல், வலையை வாரி எடுத்தல், நங்கூரக் கயிற்றைச் சுருட்டுதல், திருவிழாவில் தேர் வடம் பிடித்தல் ஆகிய அனைத்தும் இழுக்கும் வேலைகள். இழுப்பதற்கு முதுகும் முன்கையும் உழைக்கின்றன. தள்ளும் வேலை அருமையாகவே வாய்க்கின்றது. ஆழங்குறைந்த பரவைக்கடலில் மரக்கோல் ஊன்றி வள்ளத்தைச் செலுத்தும்போதும், கரையேறிய வள்ளத்தை மீண்டும் நீரில் இறக்கும்போதுமே மனிதன் தன் முழு வலிமையோடு தள்ளுகின்றான். வெளியிணைப்பு இயந்திரங்கள் வந்தபின் மரக்கோலின் வேலையுங் குறைந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலாவும் ஓய்ந்தது. ஆகவே தந்தையார் காலத்து உழைப்பு மகனிடத்தும் அப்படியே இருக்கின்றது என்று கொள்ளுதல் பொருந்தாது.

மார்பின் முன்புறத்தை விசிறிபோல மூடிநிற்கும் பெருந்தசை, காறையென்பிலும் மார்பென்பிலும் மேல் விலாவென்புகளை இணைக்குங் குருத்தென்புகளிலுந் தொடங்கி, ஒருங்கு குவிந்து, புயவென்பின் மேற்பகுதியிற் பற்றுகின்றது. விரிந்த கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுவருதல், கையை உள்நோக்கிச் சுழற்றுதல், முன்னே தள்ளுதல் ஆகியன அதன் தொழில்கள். நீந்துவோன் நீரைப் பின்னே தள்ளும்போது முதுகின் அகன்ற தசையோடு சேர்ந்து உழைப்பதும் அதுவே. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலிருந்து 1954 ஆம் ஆண்டிற் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியும், 1971 ஆம் ஆண்டில் அதே நீரிணையை நீந்திச் சென்று மீண்ட குமார் ஆனந்தனும் நம் கடல் வளர்த்த மார்பும் தோளும் உடையவர்கள். ஆயினும் எல்லோரும் நாள்தோறும் கடலில் நீந்துதல் இயலாது. வாடைக் காற்றுக் காலத்துக் கடல் யாரையும் பயிற்சிக்கு அழைப்பதில்லை.

கருவியின்றி வலிமை இல்லை என்பது வணிகர் பரப்பிய கொள்கை. 1867 ஆம் ஆண்டிற் பிறந்த யூஜின் சாண்டோ என்னும் ஜேர்மானிய வீரர், தம் கட்டுடலைக் காட்டி உலகெங்கும் புகழ் பெற்றார். 1901 ஆம் ஆண்டில் இலண்டன் அல்பேட் மண்டபத்தில் உடற்கட்டுப் போட்டி ஒன்றை நடத்தினார். 1904, 1905 ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலும் பயணஞ் செய்தார். றப்பர் நாண்களாலும் சுருள்வில்களாலும் ஆன கருவிகளை அஞ்சல் வழியாக விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். அவர் பெயர் தமிழிலும் நிலைத்தது: பலசாலி எவரையும் 'சாண்டோ' என்றழைக்கும் வழக்கம் எழுந்தது. படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கும் அப்பட்டம் வாய்த்தது. தமிழ்நாட்டிற் கையற்ற உள்ளங்கிச் சட்டைக்கும் அதுவே பெயராயிற்று.

இனி மற்றோர் வரலாற்றை நோக்குக. வங்காளத்திற் பிறந்த மனோகர் ஐச், நான்கடி பதினோரங்குல உயரமே உடையவர். ஆங்கிலேயரின் விமானப் படையிற் பணியாற்றிய காலத்தில் மேலதிகாரி ஒருவரோடு மாறுபட்டுச் சிறைப்பட்டார். சிறையிற் கருவி ஏது? வெறுங்கையோடு நாள்தோறும் நெடுநேரம் பயின்றார். 1952 ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற உலகப் போட்டியில், உயரங் குறைந்தோர் பிரிவில் வெற்றி அவருடையதாயிற்று. 2016 ஆம் ஆண்டில் நூற்றுநான்கு வயதில் அவர் காலமானார். அவருடைய உடலை ஆக்கிய முதற்கருவி சிறைச்சாலைத் தரையே.

தரை எங்ஙனங் கருவியாகும்? தண்டால் எடுக்கும்போது நம் உடலின் பாரத்தில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு கைகளில் ஊன்றுகின்றது. அறுபது கிலோகிராம் பாரமுடைய ஒருவர் ஒவ்வொரு தண்டாலிலும் நாற்பது கிலோகிராம் அளவினைத் தள்ளுகின்றார். கைகளை உயரமான இடத்தில் ஊன்றினால் இப்பங்கு குறையும். கால்களை உயர்த்தினாற் கூடும். சுவர், யன்னற் கட்டு, வாங்கு, தரை, வாங்கின்மேற் கால் என்னும் இவ்வைந்து நிலைகளும் ஐந்து பாரத் தட்டுகளுக்கு ஒப்பானவை. இவற்றுக்குச் செலவு ஒரு சதமுமில்லை. எழுபது வயது மூதாட்டி சுவரில் தொடங்கலாம். அவருடைய பேரன் வாங்கின்மேற் கால் வைத்து முடிக்கலாம். பதினெண்மரைக் கொண்டு நடத்தப்பெற்று 2017 ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், எட்டு வாரங்கள் தண்டால் பயின்றோரும், ஏறத்தாழ அதே அளவு பாரத்தை வாங்கில் மல்லாந்து தூக்கிப் பயின்றோரும், மார்புத் தசையின் தடிப்பிலும் வலிமையிலும் ஒத்த பயனையே அடைந்தனர். ஆய்வு சிறியதே, ஆயினும் தொடங்குவோர்க்கு ஊக்கந்தருவது.

அங்ஙனமாயிற் கருவி எதற்கு? தசை பழகிவிடும். இருபது தண்டால் இலகுவான பின்னர், இன்னும் ஆழமாக இறங்கவும், இன்னும் பாரத்தைச் சேர்க்கவும், வெவ்வேறு கோணத்தில் உழைக்கவும் வழி வேண்டும். அவ்வழியை ஆறு எளிய கருவிகள் தருகின்றன.

முதலாவது, தண்டாற் கட்டை. இருபத்தைந்து சென்ரிமீற்றர் நீளமும் பன்னிரண்டு சென்ரிமீற்றர் அகலமுமுள்ள இரு அடிப்பலகைகள். ஒவ்வொன்றின்மேலும் இரு குத்துக்கட்டைகள். அவற்றை இணைக்கும் உருண்டைப் பிடி. பிடியின் விட்டம் மூன்றரைச் சென்ரிமீற்றரளவு இருத்தல் நன்று. தரையிலிருந்து பிடியின் உயரம் பன்னிரண்டு முதற் பதினைந்து சென்ரிமீற்றர் போதும். பூவரசு அல்லது வேம்பின் துண்டுகள் இதற்குத் தாராளம். கட்டையைப் பற்றும்போது மணிக்கட்டு மடியாது நிமிர்ந்து நிற்கும். மார்பு கைகளின் மட்டத்துக்குக் கீழேயும் இறங்கும். அடிப்பலகையின் கீழ்ப் பழைய சயிக்கிள் ரியூப்பின் துண்டை ஒட்டிவிட்டாற் சீமெந்துத் தரையிலும் வழுக்காது.

இரண்டாவது, வாங்கு. போட்டிகளிற் பயன்படும் வாங்குக்கு உலகப் பளுதூக்கற் கழகத்தார் வகுத்த அளவையே நாமும் கொள்ளலாம்: உயரம் நாற்பத்திரண்டு முதல் நாற்பத்தைந்து சென்ரிமீற்றர், அகலம் இருபத்தொன்பது முதல் முப்பத்திரண்டு சென்ரிமீற்றர், நீளம் நூற்றிருபத்திரண்டு சென்ரிமீற்றருக்குக் குறையாதது. இவ்வுயரத்திலேதான் மல்லாந்து படுத்தவரின் பாதங்கள் தரையிற் பதியும். இதனினும் அகலமாயின் தோட்பட்டை அசைய இடமிராது. பலகை நான்கு சென்ரிமீற்றர் தடிப்புடையதாக இருக்கட்டும். கால்களைச் சற்றே வெளிப்புறம் சரித்து, கீழே குறுக்குச் சட்டம் பூட்டி, ஆணிக்குப் பதிலாக மரையாணியுஞ் சுரையுங் கொண்டு இறுக்குக. ஆணி அசைவினாற் கழலும். சுரையை மீண்டும் முறுக்கலாம்.

பனை மரம் நம் தீவுகளின் செல்வம். புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அவ்வகையிற் பனை புல்லினமே. இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்களிற் சேர்க்கின்றது. இவ்விலக்கணம் தச்சருக்கும் உதவும். பனையின் வலிமை முழுவதும் அதன் புறத்தோடு ஒட்டியது. உள்ளே செல்லச் செல்ல மென்மையாகும். ஆகவே அகலமான ஒரே பலகையைப் பனையிலிருந்து பெற முயலாது, வயிரமுள்ள மூன்று நான்கு சட்டங்களை ஒருங்கு சேர்த்து வாங்கின் மேற்றளத்தை அமைக்க. கருஞ் சிலாம்புகள் முதுகிற் குத்தாதபடி நன்கு சீவி, மேலே சாக்கை மடித்து விரிக்க. இதன்பொருட்டு நிற்கும் பனையைத் தறிக்க வேண்டுவதில்லை. அனுமதியின்றித் தறிப்பது குற்றமுமாகும். கூரை மாற்றியபோது கழற்றிய பழைய வளைகள் பல வீடுகளின் கோடியிற் கிடக்கின்றன. ஆனால் ஒன்று: ஆளில்லாது பாழடைந்து நிற்கும் வீட்டிலிருந்து ஒரு சட்டத்தையேனும் கழற்றலாகாது. உடையவர் கடல் கடந்து வாழினும் வீடு அவருடையதே.

மூன்றாவது, பாரம். இங்கேதான் தீவின் செல்வம் வெளிப்படுகின்றது. ஒரு லீற்றர் நன்னீரின் பாரம் ஒரு கிலோகிராம். கடல்நீர் அதனிலுஞ் சிறிது கூடியது. உலர்ந்த மணல் லீற்றருக்கு ஏறத்தாழ ஒன்றரைக்கு மேற்பட்ட கிலோகிராம். சீமெந்துக் கலவை இறுகியபின் லீற்றருக்கு ஏறத்தாழ இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோகிராம். எனவே ஐந்து லீற்றர்க் கலன் ஒன்று நீரால் ஐந்து கிலோகிராமும் மணலால் எட்டுக் கிலோகிராமும் ஆகும். நான்கு லீற்றர்த் தீந்தை வாளியிற் சீமெந்துக் கலவையை நிரப்பினால் ஒன்பது கிலோகிராமுக்கு மேலாகும். குடிநீர் அரிதான ஊரில் நன்னீரைக் கலனில் அடைத்து வைத்தல் தகாது. உவர்க் கிணற்று நீரும் கடல்நீரும் பாரத்திற் குறைந்தவை அல்ல.

டம்பெல் செய்ய விரும்புவோர், ஒத்த இரு பேணிகளையும், இரண்டையும் இணைக்க ஓரங்குல நீர்க்குழாயின் துண்டொன்றையும் தேடுக. அக்குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ முப்பத்துநான்கு மில்லிமீற்றர். கைக்கு நன்கு பொருந்தும். குழாயின் ஒவ்வொரு நுனியிலும் குறுக்கே துளையிட்டு ஒரு நீண்ட ஆணியைச் செருகிவிடுக. அவ்வாணி கலவைக்குள் அகப்பட்டு, குழாய் உருவி வருவதைத் தடுக்கும். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சல்லி மூன்று பங்கு என்பது ஏற்ற கலவை. ஒரு பேணியை வார்த்து இறுகிய பின்னரே மற்றதை வார்க்க. ஏழு நாள் ஈரச்சாக்கால் மூடி வைத்தல் வேண்டும். முழு வலிமை பெற இருபத்தெட்டு நாள் ஆகும். பொறுமையற்றவன் முதல் வாரத்திலேயே தூக்கினால் வெடிப்பது சீமெந்து மட்டுமன்று, பாதமுமாகலாம். கலவையிற் கடற்கரை மணலையும் உப்பு நீரையும் பயன்படுத்தற்க. உப்பு உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். சீமெந்து தோலைச் சுடும் இயல்புடையது. கைகளை மூடிக்கொண்டு கலக்குக.

கல் எடுத்தால் என்ன என்று கேட்போர் உளர். தமிழ்நாட்டின் தென்பகுதிகளில் இளைஞர் தம் வலிமையைக் காட்டத் தூக்கிய இளவட்டக்கல் புகழ்பெற்றது. நம் தீவுகளின் முருகைக் கல்லோ துளைகள் மலிந்தது, கூரிய விளிம்புடையது, விழுந்தால் உடைவது. கடலிலிருந்து அதனைப் பெயர்த்தெடுப்பதைச் சட்டந் தடுக்கின்றது. தடுக்காவிடினும் அலையிலிருந்து கரையைக் காப்பது அதுவே. நெடுந்தீவின் புகழ்பெற்ற கல் வேலிகளிலிருந்து கல்லை உருவுதலோ முன்னோர் எழுதிய எழுத்தை அழிப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, தொங்கு கயிறு. வீட்டின் தீராந்தியிலோ உறுதியான வேப்பங் கிளையிலோ இரு கயிறுகளைக் கட்டி, கீழ்நுனியில் ஒரு சாண் நீளமான பிடி அமைத்துத் தரையிலிருந்து முப்பது சென்ரிமீற்றர் உயரத்திற் தொங்கவிடுக. அவற்றைப் பற்றித் தண்டால் எடுத்தாற் கைகள் இருபுறமும் விலகி ஓட முயலும். அவற்றை நடுவே இழுத்து நிறுத்துவதே மார்புத் தசைக்கு அரிய பயிற்சியாகும். மீன்பிடிக் கயிறு இதற்கு மிக ஏற்றது. ஆனால் வெயிலில் நெடுங்காலங் கிடந்து வெளிறிய நைலோன் கயிறு வலிமை இழந்தது, அதனை விலக்குக. தீராந்தியைக் கறையான் தின்றிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க. முதன்முறை ஏறுமுன், நம் பாரத்தைப்போல் இருமடங்கு மணலை உரப்பைகளிற் கட்டி ஓரிரவு தொங்கவிட்டுச் சோதித்தல் அறிவுடைமை.

ஐந்தாவது, இணைக்கோல். ஐம்பது முதல் ஐம்பத்தைந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒன்றற்கொன்று இணையாக இரு கோல்கள். அவற்றின்மேற் கைகளை ஊன்றி உடலைத் தாழ்த்தி எழுதல். உடலைச் சற்றே முன்சரித்தால் மார்பும், நிமிர்த்தினாற் புயத்தின் பின்தசையும் மிகுதியாக உழைக்கும். மண் ஆழமான இடத்திற் கால்களை முக்கால் மீற்றர் புதைத்து இறுக்கலாம். நெடுந்தீவிலோ சிறிது தோண்டியவுடன் கல் வந்துவிடும். அங்கே அகன்ற அடிச்சட்டமுள்ள மரச்சட்டகம் அமைத்து, அதன்மேல் மணல் மூடைகளை வைத்து நிலைநிறுத்துக. மேற்கையானது தரைக்கு இணையாகும் வரை இறங்கினாற் போதும். அதனினும் ஆழம் தோள்மூட்டுக்குத் தீங்கு.

ஆறாவது, றப்பர். சாண்டோ அஞ்சலில் விற்றதன் தம்பி, சயிக்கிள் திருத்துங் கடையின் மூலையிற் கிடக்கும் பழைய ரியூப். காற்றடைக்கும் வாயுள்ள பகுதியை வெட்டி நீக்கி, முதுகுக்குப் பின்னாற் கொண்டுவந்து, இரு நுனிகளையும் கைகளிற் சுற்றி முன்னே தள்ளுக. தண்டால் எடுக்கும்போதும் இவ்வாறே முதுகிற் பூட்டலாம். கை நீள நீள எதிர்ப்புக் கூடுவது இதன் சிறப்பு. வெயில் றப்பரை வெடிக்கச் செய்யும். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, கீறல் கண்டால் எறிந்துவிடுக. அறுந்த நாண் கண்ணிற் படுதல் கொடிது.

உப்புக் காற்றைப் பற்றி ஒரு சொல். பட்டினத்திற் பத்தாண்டு கிடக்கும் இரும்பு, கடற்கரை வீட்டில் விரைவில் துருவேறிப் பொடியாகும். நாகமுலாம் பூசிய குழாயையே கொள்க. வெட்டிய நுனிகளுக்குத் தீந்தை பூசுக. பயிற்சி முடிந்தபின் வியர்வையைத் துடைத்து உள்ளே வைக்க. குழாயாலான பார்பெல்லில் இருபுறமும் சேர்ந்து நாற்பது கிலோகிராமுக்கு மேல் ஏற்றாதிருத்தல் நன்று, குழாய் வளையும். அதற்கு மேல் வேண்டுவோர் உருக்குத் தண்டையே வாங்கவேண்டும். சிக்கனம் எங்கே முடிகின்றது என்பதை அறிதலும் சிக்கனத்தின் பகுதியே.

பயிற்சி முறை எளியது. பெரியோர் வாரத்தில் இரண்டு நாளேனும் பெருந்தசைகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டுமென 2020 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஒன்றுவிட்டொரு நாளாக வாரத்துக்கு மூன்று நாள் கொள்க. ஒவ்வொரு நாளும் இரண்டு கருவிகள். ஒவ்வொன்றிலும் மூன்று முறை. முறையொன்றுக்கு எட்டு முதற் பதினைந்து வரை. இடையே இரண்டு நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு மூன்று செய்யலாம் என்றிருக்கும்போதே நிறுத்துக. பதினைந்து இலகுவானபின் பாரத்தைக் கூட்டுக. தள்ளும்போது மூச்சை விடுக, அடக்கலாகாது. இரத்த அழுத்தமோ நெஞ்சு நோயோ உடையோர் வைத்தியரைக் கேட்டே தொடங்குக. தள்ளும் பயிற்சிக்கு ஈடாக இழுக்கும் பயிற்சியும் வேண்டும். மார்பை மட்டும் வளர்த்தவனின் தோள்கள் முன்வளைந்து கூனும். இங்கே துலாவும் வலையும் மீண்டும் நம் துணைக்கு வருகின்றன. தந்தையார் சொன்ன வேலையை மகன் செய்யவேண்டும். மகன் கேட்ட பயிற்சியைத் தந்தையாரும் செய்யலாம். முப்பது வயதின் பின் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு வரை தசை குறைகின்றது எனக் கணித்துள்ளனர். முதுமையிற் கதிரையிலிருந்து கையூன்றி எழுவதும், தடுக்கி விழும்போது கையால் தாங்குவதும் இத்தசைகளின் உதவியாலேயே.

2019 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தீயணைப்புப் படையினர் ஆயிரத்து நூற்று நால்வரைப் பத்தாண்டு நோக்கியது. நாற்பது தண்டாலுக்கு மேல் எடுக்க வல்லோர்க்கு, பத்தும் எடுக்க மாட்டாதோரை நோக்க, இதய நோய் நிகழ்ச்சிகள் மிகமிகக் குறைவாகவே நேர்ந்தன. தண்டால் இதயத்தைக் காத்தது என்று இதனாற் கூறிவிட முடியாது. நலமுடையோரே மிகுதியாகத் தண்டால் எடுக்க வல்லோர் என்பதும் உண்மை. ஆயினும் தரையில் ஒரு நிமிடம் செலவிட்டு எவரும் தம்மைத் தாமே அளந்துகொள்ளலாம் என்பது அறியத்தக்கது.

இவ்வளவு கூறிய பின்னும் மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. இன்றைய இளைஞர், கைப்பேசியிற் காணும் உடலை மூன்று மாதத்திற் பெற விரும்புகின்றனர். மாவுப் பொதிகளுக்கும் ஊசிகளுக்கும் வீட்டாரின் பணத்தைச் செலவிடுகின்றனர். தசையை ஊதச்செய்யும் இயக்குநீர் மருந்துகள் ஈரலையும் இதயத்தையும் இனப்பெருக்க ஆற்றலையும் கெடுப்பன. பருப்பு, பயறு, முட்டை, நம் கடலின் சூடையும் கீரிமீனும் தராத எதையும் அப்பொதிகள் புதிதாகத் தருவதில்லை. தன் வாங்கைத் தானே அறுத்து, தன் பாரத்தைத் தானே வார்த்து, இருபத்தெட்டு நாள் காத்திருந்தவனுக்கு உடலும் அவ்வாறே மெல்ல இறுகும் என்பது விளங்கியிருக்கும். 1990 களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது, மின்கலம் இன்றிச் சயிக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். 2022 ஆம் ஆண்டில் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது ரூபாவரை ஏறியபோது, இறக்குமதிக் கருவிகள் எட்டாத் தொலைவுக்குச் சென்றதையுங் கண்டோம். செய்யத் தெரிந்த கை அப்போதும் வெறுங்கையாக இருந்ததில்லை.

இறுதியாக, ஓர் எச்சரிக்கை. வாங்கில் மல்லாந்து பார்பெல் தூக்குவோர் தனியே தூக்கற்க. கை சோர்ந்த கணத்தில் அத்தண்டு கழுத்தின்மேல் இறங்கும். உலகெங்கும் வீட்டுப் பயிற்சியில் உயிரிழந்தோர் பலர் இவ்வாறே இழந்தனர். பெருவிரலைத் தண்டைச் சுற்றி மடித்துப் பிடிக்க. தனியே இருப்பின் டம்பெல், தண்டால், கயிறு ஆகியவற்றோடு நிறுத்துக. பார்பெல் தூக்குவதாயின் தலைமாட்டில் ஒருவர் நிற்கவேண்டும்.

அவ்வொருவர் எங்கே என்பதே இன்று தீவகத்தின் வினா. போரும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் வீடுகளை வெறுமையாக்கிவிட்டன. முன்னர் ஒரு குரல் கொடுத்தால் வள்ளந் தள்ளப் பத்துப்பேர் வந்த கரையில், இன்று இருவர் வரக் காத்திருக்க வேண்டியுளது. ஆதலின் இக்கருவிகளைத் தனி வீட்டின் பின்புறத்தில் வைப்பதினும் ஊர்ச் சனசமூக நிலையத்தின் முற்றத்தில் வைப்பது சிறந்தது. செலவைப் பலர் பகிரலாம். தச்சு வேலை தெரிந்த முதியவர் ஒருவர் இளைஞர்க்கு வாங்கு செய்யக் கற்பிக்கலாம். காலையிற் பெண்களும் மாலையில் ஆண்களும் பயிலலாம். மணலையும் மரத்தையும் கயிற்றையும் எங்கும் தேடிக்கொள்ளலாம். தலைமாட்டில் நிற்கும் ஆளை மட்டும் எந்த வள்ளத்திலும் ஏற்றிக் கொண்டுவர முடியாது. அயல் வீட்டுக்குச் சென்று அழைத்தே வரவேண்டும். முதலில் அதைச் செய்க. பின்னர்ப் பலகையை அறுக்கலாம்.